இப்படிக்கு, உங்கள் நலம் நாடுபவர்

786
மஸ்ஜித் தானா
24.4.2024, புதன்

அன்புத் தங்கச்சி ஃபாஹிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் மகன் அய்மனும் அவன் பெண்டாட்டி நஜ்வாவும் இறைவன் கிருபையால் சுகம். தொழிற்சாலையில் நின்று நின்று உனக்கு வரும் கால் வலி எப்படி இருக்கிறது? பெருநாளுக்கு வந்தபோதே நொண்டினாய்.

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன தாளும் பேனாவும் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். போனை வாங்கிக் கொடுத்தது அய்மன். பூட்டுப் போட்டுக் கொடுத்தது நஜ்வா. அதன் நம்பர் எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. அதனால்தான் மச்சான் புதன்கிழமை கடைச் சரக்கு எடுக்க மலாக்கா வரும்போது இதை உன் வீட்டில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உறையை ஒட்டிய இடத்தில் மேலே பாதியும் கீழே பாதியுமாக என் கையெழுத்து இருக்கும். கோடு சேராமல் இருந்தால் மச்சான் பிரித்துப் பார்த்தார் என்று அர்த்தம். எனக்குச் சொல்லு.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை எனக்குத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மலாக்கா முத்திரை. உள்ளே மலாயில் கம்ப்யூட்டரில் அடித்த ஐந்து வரி. அப்படியே தமிழில் தருகிறேன்:

"ஹாஜரா அவர்களுக்கு. கோபப்பட வேண்டாம். சில காலமாக உங்கள் வாயிலிருந்து துர்வாடை வருகிறது. யாரும் உங்களிடம் சொல்லத் துணியவில்லை. கலியாணத்துக்கு முன் பல் டாக்டரைப் பாருங்கள். இப்படிக்கு, உங்கள் நலம் நாடுபவர்."

என் நலத்தை நாடுகிறவருக்குப் பெயர் இல்லை, விலாசம் இல்லை, முகமும் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இப்படி ஒரு கடிதம். மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான் யோசித்துவிட்டேன். கலியாணம் என்றால் நம் தம்பி பிலாலின் கலியாணம். டிசம்பரில் அந்தப் பெண்ணின் கழுத்தில் குனிந்து கருகமணி கட்ட வேண்டியவள் மூத்தவளான நான். எனக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவள் நீ. நான் கட்டக்கூடாது என்று நினைப்பவர்கள் யார்? மார்ச்சில் நிச்சயத்தன்று நான் சீனி ஊட்டப் போனபோது அந்தப் பெண் முகத்தைத் திருப்பியதை நீயும் பார்த்தாய். வெட்கம் என்று நினைத்தேன். ஆனால் இது அவர்கள் வேலை இல்லை. ஏனென்றால் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. நம் கடைக்கு நஜ்வா அடித்துத் தரும் விலைச் சீட்டிலும் அதே இடத்தில் அதே கோடு. நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு என்ன தோன்றுகிறது? ஒளிக்காமல் எழுது. பிள்ளைகளுக்கு என் துஆ.

உன் லாத்தா
ஹாஜரா

*

பத்து பெரண்டாம்
1.5.2024

என் மதிப்புக்குரிய லாத்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். கால் வலி இருக்கிறது, ஆனால் முன்னைப் போல் இல்லை. இன்று தொழிலாளர் தினம், வீட்டில் இருக்கிறேன். மச்சான் வாசலில் காத்துக்கொண்டிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். உறைக் கோடு சேர்ந்துதான் இருந்தது.

கடிதத்தைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. எழுதியது யாராக இருந்தாலும் உங்களைக் கேவலப்படுத்த எழுதியது மாதிரி எனக்குத் தெரியவில்லை. கேவலப்படுத்த நினைப்பவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள், தபால்தலை ஒட்டமாட்டார்கள். நஜ்வாமேல் சந்தேகப்படாதீர்கள். எங்கள் தொழிற்சாலை அலுவலகத்து பிரிண்டரும் கோடு போடும். எல்லாமே போடும்.

ஒரு தடவை பல் டாக்டரைப் பார்த்துவிட்டால் என்ன? ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி. நான் லீவு போட்டு உடன் வருகிறேன். அந்தக் கடிதத்தைக் கிழித்து எறிந்துவிடுங்கள் லாத்தா. வைத்துக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மச்சானுக்கு என் ஸலாம்.

அன்புடன்
ஃபாஹிமா

*

786
மஸ்ஜித் தானா
15.5.2024, புதன்

ஃபாஹிமாவுக்கு ஸலாம்.

நான் உடம்பால் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் ஐந்து வேளையும் கேட்கிறேன். மனம்தான் நலமாக இல்லை.

நீயும் டாக்டர் என்கிறாய். அந்த முகமில்லாதவனும் டாக்டர் என்கிறான். என் வாயைப் பற்றி ஊரே கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டது போலிருக்கிறது.

சரி, நாறத்தான் செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம் என்று நானே வைத்தியம் பார்த்தேன். மூன்று வாரம் கிராம்பு மென்றேன், நாக்கு வெந்தது. கொய்யா இலைக் கொழுந்து மென்றேன். நல்லெண்ணெய் ஊற்றிக் கொப்பளித்தேன். சீனன் மருந்துக் கடையில் ஏதோ கறுப்புத் தூள் வாங்கிப் பல் தேய்த்தேன், ஒரு நாள் முழுக்க அடுப்புக்கரி தின்றவள் மாதிரி திரிந்தேன். நீல நிறத் தண்ணீர் போத்தல் ஒன்றை வாங்கிக் குளியலறையில் சாமான்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். சொந்த வீட்டில் திருடி மாதிரி வாய் கொப்பளிக்கிறேன். காலையில் கொப்பளித்தால் பத்து மணிக்குள் வாயில் அந்தக் கசப்பு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மச்சானிடம் கேட்டேன். "ஏங்க, என் வாயில வாடை வருதா?" என்றேன். மனுஷர் பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஒண்ணும் இல்லலா, சும்மா இரு" என்றார். பார்க்காமல் சொல்கிற பதிலுக்கு என்ன மதிப்பு? அய்மனிடம் கேட்டேன். அவனும் இல்லை என்றான். சொன்னபோது வாசல்படியில் நின்றான், உள்ளே வரவில்லை. இப்போது நான் எல்லோரையும் அளக்கிறேன். கடையில் சாமான் வாங்குகிறவர்கள் எத்தனை அடி தள்ளி நிற்கிறார்கள், யார் மூக்கைச் சொறிகிறார்கள், யார் நான் பேசும்போது மட்டும் விசிறியைத் திருப்புகிறார்கள். கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை.

நஜ்வா மட்டும்தான் பக்கத்தில் வந்து நிற்கிறாள். ஏன் நிற்கிறாள்? கடிதத்துக்கு நான் எப்படி ஆகியிருக்கிறேன் என்று பார்க்கத்தானே. மருமகள் மாமியாரை இப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

டாக்டரிடம் போக முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பாசாருக்குப் பின்னால் அந்தப் பல் கட்டுகிறவனிடம் நீதான் கூட்டிப்போனாய். மேலே இடப்பக்கம் மூன்று பல் என் சொந்தப் பல் இல்லை என்பது மச்சானுக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் வாயைத் திறந்ததும் "யாரிடம் கட்டினீர்கள்?" என்று கேட்பார். அவமானம் போதும்.

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. கிழிக்கவும் மாட்டேன்.

உன் லாத்தா
ஹாஜரா

*

பத்து பெரண்டாம்
5.6.2024

அன்பு லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் நலத்துக்கு துஆ செய்கிறேன். பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்கு மன்னிக்க வேண்டும். தொழிற்சாலையில் கூடுதல் வேலை, சின்னவனுக்குக் காய்ச்சல்.

இத்துடன் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். மென்மையான பிரஷ் இரண்டு, பல்லிடுக்கு நூல், நாக்கு வழிக்கும் தகடு. எல்லாம் எனக்கு வாங்கும்போது சேர்த்து வாங்கியது, வேறு நினைக்காதீர்கள்.

எங்கள் தாமான் குடியிருப்பின் முன்னால் ஒரு பெண் டாக்டர் கிளினிக் போட்டிருக்கிறார். நல்லவர், சத்தம் போடமாட்டார். அந்தக் கட்டுப்பல்லில்தான் கோளாறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது லாத்தா. உங்களை அங்கே கூட்டிப்போனது நான். அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. மச்சானுக்குத் தெரியாமல் போய்வரலாம்.

நஜ்வாவை விட்டுவிடுங்கள். அவள் அந்த மாதிரிப் பெண் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறோம். உங்கள் கை பிரியாணிக்குப் பிள்ளைகள் இப்போதே நாக்கைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்
ஃபாஹிமா

*

786
மஸ்ஜித் தானா
19.6.2024, புதன்

ஃபாஹிமாவுக்கு,

ஸலாம். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். சின்னவனுக்குக் காரில் வாந்தி வந்ததா?

பெருநாள் சாப்பாட்டில் நான் பேசியதை நீயும் கேட்டாய். எல்லோர் முன்னிலையிலும் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்து நான் சொன்னது இதுதானே: "எழுதினது யாரா இருந்தாலும் என் மொகத்தப் பாத்து ஒத்துக்கட்டும். அன்னைக்கே டாக்டர்கிட்ட போறேன். ஒத்துக்க ஆளில்லன்னா இது பொய். நான் போகமாட்டேன்." நான் கேட்டது நியாயமா இல்லையா? மச்சான் ஊறுகாய் கேட்டார். பிலால் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நீ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கும் என் நிலைமையை நினைத்து வெட்கமாக இருந்திருக்கும்.

நீங்கள் கிளம்பிய பிறகு சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். நஜ்வா அடுப்படிக்கு வந்து நின்றாள். "மாமி, நாந்தான் எழுதினேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் சொன்னேனா இல்லையா? அந்தக் கோட்டைப் பார்த்த அன்றே சொன்னேன். நீதான் எல்லா பிரிண்டரும் கோடு போடும் என்றாய்.

சொன்ன சொல் மாறமாட்டேன். வரும் திங்கட்கிழமை நீ சொன்ன அந்தப் பெண் டாக்டரிடம் போகிறேன். ஆனால் அவளை நான் என்ன செய்வது? என் சமையலை மூன்று வருஷம் தின்றவள். என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள். என் பக்கத்தில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, அறைக்குள் போய்ப் பெயரில்லாமல் தாளில் அடித்திருக்கிறாள்.

ஹாஜரா

*

பத்து பெரண்டாம்
21.6.2024, வெள்ளி

லாத்தாவுக்கு ஸலாம். நலமா?

புதன்வரை பொறுக்க முடியாமல் தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து நஜ்வாவிடம் கடுமையாக எதுவும் பேசிவிடாதீர்கள். சின்னப் பெண். அவள் எந்த நினைப்பில் அப்படிச் சொன்னாளோ. நேரில் வந்து பேசுகிறேன். அதுவரை பொறுங்கள்.

டாக்டரிடம் போவது நல்ல முடிவு. அதை மட்டும் மாற்றாதீர்கள்.

ஃபாஹிமா

*

786
மஸ்ஜித் தானா
24.7.2024, புதன்

ஃபாஹிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேரில் வருகிறேன் என்றாய், ஒரு மாதமாக வழிபார்க்கிறேன். உடம்பு சுகம்தானே? உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்த கிளினிக். நான்கு தடவை வந்துபோய்விட்டேன். நான்கு தடவையும் உன் வீடு பூட்டியிருந்தது. ஷிஃப்ட் மாறிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.

டாக்டர் சத்தம் போடவில்லை, நீ சொன்னது சரி. அந்த மூன்று பல்லையும் அறுத்து எடுத்தார். எடுத்த நிமிஷம் அந்த அறையில் எழுந்த நாற்றத்தைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது. முகக்கவசம் போட்டிருந்த நர்ஸ் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அடியில் இரண்டு வேர் அழுகி, ஈறில் சீழ் கட்டி, பன்னிரண்டு வருஷம் தின்ற சோறெல்லாம் அங்கே கொஞ்சம் கொஞ்சம் தங்கியிருக்கிறது. "எப்படிம்மா வலிய பொறுத்துக்கிட்டீங்க?" என்றார். வலியே இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. வலித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

வேர் பிடுங்கி, ஈறு சுத்தம் செய்து, பத்து நாள் மாத்திரை. இப்போது ஆறின பிறகு கழற்றி மாட்டும் பல்லுக்கு அளவு எடுத்திருக்கிறார். மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் நான் காத்த ரகசியத்துக்குக் கிடைத்த மரியாதை.

வாயில் அந்தக் கசப்பு போய்விட்டது ஃபாஹிமா. காலையில் தேநீர் தேநீராக ருசிக்கிறது. உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்க்கிறேன், ஒன்றுமில்லை. கடையில் ஒரு சீனக் கிழவி கிட்டே வந்து நின்று அரை மணி நேரம் தன் மகனைப் பற்றிக் குறை சொன்னாள். அழுகை வந்துவிட்டது.

நஜ்வா இப்போது டுரியான் துங்காலில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் போகச் சொல்லவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் மட்டும், "ஒங்க வீட்டுல யாருக்கும் வாய் நாறாதோ?" என்று கேட்டேன். மறுநாள் பையைக் கட்டினாள். அய்மனும் கூடவே போய்விட்டான். அவன் வேலை செய்யும் கேம்பஸ் அங்கேயே பக்கம் என்கிறான். வீட்டில் நானும் மச்சானும்தான். டாக்டர் என் வாயைச் சரிசெய்தார். இவள் செய்ததை யார் சரிசெய்வது? கலியாண மேடைப் பக்கம் அவள் வரக்கூடாது என்று பிலாலிடம் சொல்லிவிட்டேன்.

நீ வா. ஏன் வரமாட்டேன் என்கிறாய்?

ஹாஜரா

*

786
மஸ்ஜித் தானா
11.9.2024, புதன்

ஃபாஹிமாவுக்கு ஸலாம்.

நலமா என்று கேட்டு மூன்று சீட்டு கொடுத்தனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மச்சான் கொடுக்கவில்லையோ என்று அவரைச் சந்தேகப்பட்டு வண்டியைக்கூடச் சோதனை போட்டேன். இருக்கைக்கு அடியில் இரண்டு கருவாட்டுப் பொட்டலமும் பழைய ரசீதும்தான் கிடைத்தன. "அவ கையிலதான் குடுத்தேன். வாங்கிட்டு உள்ள போயிட்டா" என்கிறார்.

எனக்கு ராத்திரியும் பகலும் யோசனைதான். உன் முதல் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். ஏன் கிழிக்கச் சொன்னாய்? எழுதினவர் கேவலப்படுத்த எழுதவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?

இதற்கு மேல் யோசிக்க எனக்கு விருப்பம் இல்லை. நீயே எழுது.

ஹாஜரா

*

டுரியான் துங்கால்
14.9.2024

சின்ன மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அய்மனும் நலம். நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் அதில் நீங்கள் உடனே ஏதாவது பதில் போட்டுவிடுவீர்கள். யோசிக்கமாட்டீர்கள். அதனால் தாளில் எழுதுகிறேன். என் தமிழ் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நோன்புப் பெருநாள் அன்று அலுவலகக் கடிதம் ஒன்று அடிக்க வேண்டும் என்று என் பிரிண்டரைக் கேட்டீர்கள். தாள் சிக்கிக்கொண்டது. நீங்கள் வேறு தாள் போட்டு அடித்துக்கொண்டு போனீர்கள். இரண்டு நாள் கழித்து விலைச் சீட்டு அடிக்கும்போது வேலை செய்யவில்லை. திறந்து உள்ளே சிக்கியிருந்ததை இழுத்தேன், மேலே மாமி பெயர். அடுத்த வாரமே மாமிக்குத் தபால் வந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை, அய்மனிடம்கூட. நீங்கள் எழுதியதில் தப்பில்லை என்றுதான் நினைத்தேன். எனக்கும் மூன்று வருஷமாகச் சொல்லத் தைரியம் வரவில்லை. மாமி கிராம்பு மென்று மென்று வாய் புண்ணானதையும், குளியலறையில் ஒளிந்து கொப்பளித்ததையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தினமும் சொல்லலாம் என்று பக்கத்தில் போய் நிற்பேன், வாய் வராது.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று மாமி கேட்டபோது நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் காரில் ஏறிப் போய்விட்டீர்கள். ஒரு பொய் சொன்னால் மாமி டாக்டரிடம் போவார்கள் என்றால் அந்தப் பொய்யை யாராவது சொல்லத்தானே வேண்டும். சொன்னேன். அதற்காக இப்போதும் வருத்தம் இல்லை.

உங்களைக் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. சிக்கிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், வேறு பிரதி என்னிடம் இல்லை. ஆனால் மாமி இப்போது தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று மாமா அய்மனிடம் சொன்னாராம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்கள்
நஜ்வா

*

பத்து பெரண்டாம்
18.9.2024, புதன்

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்க எனக்கு இன்று யோக்கியதை இல்லை.

அந்தக் கடிதத்தை எழுதியது நான். நஜ்வா இல்லை. பெருநாள் அன்று உங்கள் வீட்டிலேயே, அவள் பிரிண்டரிலேயே அடித்து, மலாக்காவில் தபாலில் போட்டேன். என் எழுத்து உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று கம்ப்யூட்டரில் அடித்தேன். என் பேச்சு தெரிந்துவிடும் என்று மலாயில் எழுதினேன். அந்தக் கோடு அவளைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

நிச்சயத்தன்று நீங்கள் சீனி ஊட்டும்போது அந்தப் பெண் முகம் திருப்பியதை நான் பார்த்தேன். திரும்பிப் போகும்போது அவளுடைய அக்கா தங்கைகள் மூக்கைப் பொத்திக்காட்டிச் சிரித்ததையும் பார்த்தேன். உங்களைப் பார்த்து அவர்கள் சிரித்தது என்னால் பொறுக்க முடியவில்லை. கலியாணத்தில் நூறு பேருக்கு முன்னால் அப்படி நடந்துவிடக்கூடாது என்றுதான் எழுதினேன். அந்தப் பல்லைக் கட்டிக்கொள்ள உங்களைக் கூட்டிப்போனவளும் நானே. இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்குப் பயம். உம்மா போன பிறகு என்னை வளர்த்தவர்கள் நீங்கள். உங்கள் வாய் நாறுகிறது என்று உங்களைப் பார்த்து எப்படிச் சொல்வேன்?

நஜ்வா பொய் சொன்னது நீங்கள் டாக்டரிடம் போக வேண்டும் என்பதற்காக மட்டும்தான். அவளுக்கு எல்லாம் தெரியும். என் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் வீட்டை விட்டுப் போன இரண்டு மாதமும் நான் சும்மா இருந்தேன். நீங்கள் கிளினிக் வந்த நான்கு நாளும் நான் உள்ளேதான் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான்.

என்னை எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ஃபாஹிமா

*

786
மஸ்ஜித் தானா
6.11.2024, புதன்

ஃபாஹிமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் உன்மேல் இருந்த கோபத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. மீதி ஐந்து வாரம் என்மேல்.

உன் கடிதம் வந்த மறுநாளே மச்சானை வண்டியை எடுக்கச் சொல்லி டுரியான் துங்கால் போனேன். நஜ்வா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் அம்மா நாற்காலி எடுத்துப் போட்டார், நான் உட்காரவில்லை. நின்றபடியே அந்த அம்மா காதுபடச் சொன்னேன்: "எம்மேலதான் தப்பு. என்னய மன்னிச்சிரு." என்னென்னவோ பேச யோசித்து வைத்திருந்தேன், வந்தது இவ்வளவுதான். அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். போச்சு என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இனி உன் விஷயம். நீ எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை. எழுதாவிட்டால் இன்னும் நாறிக்கொண்டுதான் திரிவேன். உன்மேல் பாதிச் சந்தேகம் எனக்கு முன்பே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மருமகள்மேல் கோபப்படுவது சுலபம். நாளை அவள் சமாதானமாகி என் மகனோடு திரும்பி வருவாள், இல்லை வரமாட்டாள். நீ போனால் எனக்கு யார்? அதனால் நான் உன்னைச் சந்தேகப்படாமல் அவளைச் சந்தேகப்பட்டேன். நீ வாயைத் திறக்காமல் அவளைச் சுமக்கவிட்டாய். நாம் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதில் இனி ஒருவருக்கும் சந்தேகம் வராது.

மச்சானிடம் போன வாரம் கேட்டேன். இந்தத் தடவை பேப்பரைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கேட்டேன். "முன்னாடி என் வாய் நாறுச்சா இல்லையா? உண்மையச் சொல்லுங்க." "எனக்குப் பழகிருச்சு ஹாஜரா" என்றார். அன்பு என்பதா, பயம் என்பதா, சோம்பேறித்தனம் என்பதா? இருபத்தாறு வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் தொல்லை என்ன தெரியுமா? வாடை போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார், மச்சான் சொல்கிறார், அய்மன் சொல்கிறான். ஒருவர் சொல்வதிலும் நம்பிக்கை வரவில்லை. நாறும்போதும் இவர்கள் இதே முகத்தோடுதானே இல்லை என்றார்கள். நஜ்வா ஒருத்தியைத்தான் நம்புகிறேன். என்னிடம் பொய் சொன்னவள் அவள். அவளைத்தான் நம்புகிறேன், வேடிக்கையைப் பார். தினமும் காலையில் கடை திறக்கும் முன் அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுகிறேன். "இல்ல மாமி" என்பாள். போன வெள்ளிக்கிழமை ஊதினேன். அவள் மூக்கைச் சுளித்து, "இன்னைக்குக் கொஞ்சம் இருக்கு மாமி. ராத்திரி பூண்டு சம்பல் சாப்பிட்டீங்கல்ல" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவளோ என்னை முதலில் போய் வாய் கொப்பளிக்கச் சொன்னாள்.

டிசம்பர் பதினான்காம் தேதி கருகமணியை நான்தான் கட்டுகிறேன். என் பக்கத்தில் நின்று கொக்கி மாட்டித் தருவது நஜ்வா. அந்த இடம் உனக்கு உரியது, தெரியும். இந்தக் கலியாணத்தில் அது அவளுடையது. நீ எதிரே உட்கார்ந்து பார்.

மச்சானிடம் இனிக் கடிதம் கொடுக்காதே. நீ நலம் என்று எழுதினால் நான் இனி நம்பப்போவதில்லை, நான் நலம் என்று எழுதினால் நீயும் நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை நேரில் வா. வந்து, தட்டைப் பார்க்காமல், என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசு. என்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது இன்னும் என்னென்ன இருக்கிறதோ, அதையெல்லாம் சொல்லு.

உன் லாத்தா
ஹாஜரா